நூல் நூற்பவளுக்குத் துணி எடுக்க நேரமில்லையா?

ஊருக்கெல்லாம் துணி கொடுக்கும் சீமை நம் கொங்குச் சீமை. கோவையில் நூல் நூற்கிறோம். சோமனூரிலும் பல்லடத்திலும் விசைத்தறி ஓட்டுகிறோம். திருப்பூரில் பனியன் தைத்துக் கப்பலேற்றுகிறோம். நெகமத்திலும் சிறுமுகையிலும் கைத்தறிச் சேலை, சென்னிமலையில் போர்வை, பவானியில் ஜமக்காளம். இத்தனைக்கும் உழைக்கும் கைகளில் பெண்களின் கைகள் எத்தனை என்பது நமக்குத் தெரியும்.

அந்தப் பெண்கள் தங்களுக்கு வேண்டிய துணியை எங்கே எடுக்கிறார்கள்? எப்போது எடுக்கிறார்கள்?

மில் ஹாஸ்டலில் தங்கி வேலை செய்யும் ஆயிரக்கணக்கான பெண்களில் பலருக்கு இந்தக் கேள்விக்குப் பதில் ஒன்றுதான். ரயில்வே ஸ்டேஷனில், வண்டி வருவதற்கு அரைமணி நேரம் முன்னால்.

இது சில்லறை விஷயம் என்று சில தோழர்கள் நினைக்கலாம். கூலி, போனஸ், வேலை நேரம் என்று பெரிய பிரச்னைகள் இருக்கும்போது பெண்கள் சேலை எடுப்பதைப் பற்றிப் பத்திரிகையில் எழுத வேண்டுமா என்று கேட்கலாம். எழுதத்தான் வேண்டும். ஏனென்றால் கூலி, போனஸ், வேலை நேரம் ஆகிய மூன்றும் ஒன்றாக வந்து நிற்கும் இடம் அந்த ஸ்டேஷன் கடை.

பிளாட்பாரத்தில் நடப்பது

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முதல் நாள் கோவை ஜங்ஷனுக்கோ திருப்பூர் ஸ்டேஷனுக்கோ போய்ப் பாருங்கள். தேனி, திண்டுக்கல், விருதுநகர், நெல்லைப் பக்கத்துப் பெண்கள் பையும் பெட்டியுமாக நிற்பார்கள். தன்பாத் எக்ஸ்பிரஸுக்காக ஒரிஸாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த பெண்கள் கூட்டமாகத் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். மில் வேன் அவர்களை நேராக ஸ்டேஷன் வாசலில் இறக்கிவிட்டுப் போயிருக்கும்.

ஸ்டேஷனிலும் அதன் வாசலிலும் உள்ள துணிக் கடைகளைச் சுற்றி அந்தப் பெண்கள் மொய்ப்பதைக் காணலாம். அம்மாவுக்கு ஒரு சேலை, தங்கைக்குச் சுடிதார், பாட்டிக்கு ஒரு துண்டு, தனக்கு ஒரு நைட்டி. ஒரு கண் துணியின் மேல், ஒரு கண் கடிகாரத்தின் மேல். சேலையை உதறி விரித்துப் பார்க்க இடமில்லை. சாயம் நிற்குமா என்று தடவிப் பார்க்க நேரமில்லை. அடுத்த கடையில் விலை கேட்க வழியில்லை. சொன்ன விலையைக் கொடுத்துப் பையில் திணித்துக்கொண்டு ஓட வேண்டியதுதான். ஊருக்குப் போய்ப் பிரித்தால் முந்தானையில் ஓட்டை. திருப்பிக் கொடுக்க 300 மைல் வர முடியுமா?

கோவை ஜங்ஷனிலிருந்து ஒப்பணக்காரத் தெருவுக்கு நடந்தே போய்விடலாம். அங்கே மாடி மாடியாக ஜவுளிக் கடைகள். திருப்பூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே காதர்பேட்டை. பனியன் துணி மலைபோலக் குவிந்து கிடக்கும் கடைவீதி அது. மூன்று வருஷம் கோவைச் சீமையில் உழைத்த பெண், ஒப்பணக்காரத் தெருவை ஒரு முறைகூட நிதானமாக நடந்து பார்க்காமல் ஊர் திரும்புகிறாள் என்றால் அதற்கு என்ன அர்த்தம்?

கடைக்காரரைக் குறை சொல்வது நம் நோக்கமல்ல. அவரும் வாடகை கட்டிப் பிழைப்பவர். கேள்வி வேறு. அந்தப் பெண்ணுக்கு ஏன் ஒரு மாலை நேரம் கிடைக்கவில்லை?

கேம்ப் கூலி

காரணம், நம் தொழிலாளர்களே பெயர் வைத்திருக்கும் 'கேம்ப் கூலி' முறை. வேலையும் மில்லுக்குள், சாப்பாடும் மில்லுக்குள், படுக்கையும் மில்லுக்குள். கேட்டுக்கு வெளியே போக வார்டனின் அனுமதி வேண்டும். பல மில்களில் மாதத்துக்கு ஒரு நாள், மில் வேனில், காவலோடு, குறித்த கடைக்கு மட்டும் போய்த் திரும்ப வேண்டும். எல்லா மில்லும் அப்படி என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அப்படிப்பட்ட மில்கள் எத்தனையோ உண்டு என்பது மில் வேலைக்குப் பெண்ணை அனுப்பிய ஒவ்வொரு கிராமத்துக்கும் தெரியும்.

இது எப்படி வந்தது? பழைய நாட்களில் கோவை மில்களில் ரீலிங்கிலும் வைண்டிங்கிலும் பெண்கள் வேலை செய்தார்கள். வீட்டிலிருந்து வந்தார்கள், வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போனார்கள், சங்கத்தில் சேர்ந்தார்கள். பிறகு முதலாளிகள் இரவு வேலைத் தடையையும் பிரசவச் சலுகையையும் சாக்காகக் காட்டிப் பெண்களைக் குறைத்தார்கள். 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் பெண்களை இரவில் வேலை வாங்கக் கூடாது என்றது. 2000 ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் அந்தத் தடையைச் சமத்துவத்துக்கு விரோதமானது என்று ரத்துச் செய்தது. சமத்துவம் நல்லதுதான். ஆனால் முதலாளி அதிலிருந்து எடுத்துக்கொண்டது என்ன? பெண்ணுக்கு ராத்திரி ஷிப்டு வந்தது. பெண்ணுக்குச் சாயங்காலம் வரவில்லை.

அந்தக் காலத்தில்தான் 'சுமங்கலித் திட்டம்' என்று ஒரு மங்கலப் பெயரோடு புதிய சுரண்டல் பரவியது. மூன்று வருஷம் ஹாஸ்டலில் இருந்து வேலை செய்தால் முடிவில் 30,000 முதல் 50,000 ரூபாய் வரை மொத்தமாகத் தருவோம், கல்யாணத்துக்கு உதவும் என்றார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று வருஷத்துக்கு 1,095 நாட்கள். 40,000 ரூபாயை அந்த நாட்களால் வகுத்தால் நாளுக்கு 37 ரூபாய்கூட வராது. அதுவும் முதலாளி தன் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த தானமல்ல. அவளுடைய நாட்கூலியில் குறைத்துக் கொடுத்துப் பிடித்து வைத்த பணமே அது. நடுவில் நோய் வந்து வேலையை விட்டவள் அந்த மொத்தப் பணத்தையும் இழந்தாள்.

வரதட்சிணையை 1961 ஆம் ஆண்டிலேயே சட்டம் தடை செய்தது. கொத்தடிமையை 1976 ஆம் ஆண்டில் சட்டம் ஒழித்தது. ஒன்றைக் காட்டி இன்னொன்றை நடத்தும் சாமர்த்தியம் மில் முதலாளிக்கு இருந்தது! எதிர்ப்புக் கிளம்பிய பிறகு இன்று அந்தப் பெயரை யாரும் வெளியே சொல்வதில்லை. பெயர்ப் பலகை இறங்கிவிட்டது. கேட் மட்டும் பூட்டியே இருக்கிறது.

இன்னொரு தந்திரத்தையும் கவனியுங்கள். வருஷக் கணக்கில் சைடு பார்க்கும் பெண்ணை 'அப்ரண்டிஸ்' என்று ரிஜிஸ்டரில் எழுதுகிறார்கள். குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம் என்பது சட்டம். ஆனால் அப்ரண்டிஸுக்குப் போனஸ் கிடையாது என்பதும் சட்டமே. ஆகவே தீபாவளிக்கு முதல் நாள் பிளாட்பாரத்தில் நிற்கும் அந்தப் பெண்ணின் கையில் போனஸ் இல்லை. எடுக்கும் சேலையில் ஒன்றைக் குறைத்துக்கொள்கிறாள். குறைவது பெரும்பாலும் தன்னுடையதே.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

"வயசுப் பொண்ணு, வெளியூரு. கேட்டைப் பூட்டி வைக்கிறதுதான் நல்லது. நாங்க நிம்மதியாத் தூங்குறோம்" என்று சொல்லும் பெற்றோர் உண்டு. விவசாயத் தொழிலாளர்களான நம் தோழர்களிலேயே உண்டு. அவர்கள் கவலை பொய்யல்ல. காடு வறண்டு, தோட்டத்து வேலை குறைந்து, கடன் கழுத்தைப் பிடிக்கும்போது பெண்ணை மில்லுக்கு அனுப்புகிறார்கள். அனுப்பிய பெண் பத்திரமாக வர வேண்டும் என்று எண்ணுவது பாவமா?

ஆனால் யோசித்துப் பாருங்கள். கேட்டுக்கு வெளியே உள்ள ஆபத்துக்குப் பூட்டு ஒரு பதில் என்றால், கேட்டுக்கு உள்ளே உள்ள ஆபத்துக்கு என்ன பதில்? சூப்பர்வைசர் முறைகேடாகப் பேசினால் அவள் யாரிடம் ஓடுவாள்? பஞ்சுத் தூசியில் மூச்சு முட்டினால் எந்த டாக்டரிடம் போவாள்? பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கினால் எந்தச் சங்கத்தில் சொல்லுவாள்? பூட்டு அவளைக் காப்பதற்கல்ல. சங்கத்திடமிருந்து மில்லைக் காப்பதற்கே.

கொங்கு நாட்டுத் தொழிலாளிக்கு இது புதிய பாடமல்ல. 1946 ஜனவரி 8 ஆம் தேதி கோவைச் சிறையில் சின்னியம்பாளையம் தோழர்கள் ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் நால்வரும் தூக்கிலேற்றப்பட்டார்கள். ரங்கவிலாஸ் மில்லில் பெண் தொழிலாளியிடம் முறைகேடாக நடந்த அடியாளை எதிர்த்துத் தொழிலாளர்கள் எழுந்தார்கள். அந்த எழுச்சியின் தொடர்ச்சியாகவே அவர்கள் கயிற்றை முத்தமிட நேர்ந்தது. ஒரு மில் பெண்ணின் மானத்தை மொத்தத் தொழிலாளி வர்க்கத்தின் மானமாக எண்ணிய ஊர் இது. அந்த நாளில் பெண்ணுக்குக் காவலாக நின்றது பூட்டல்ல, சங்கம்.

பெண்ணின் சம்பளம் அவள் பெயரில் உள்ள பாங்கிக் கணக்குக்கு வருகிறதா, அந்தக் கார்டு யார் பையில் இருக்கிறது என்று ஒவ்வொரு தகப்பனும் தன் நெஞ்சைக் கேட்டுக்கொள்ளட்டும். அவள் சம்பாதித்த பணத்தில் அவளுக்குப் பிடித்த கலரில் ஒரு சேலை எடுக்க அவள் யாரைக் கேட்க வேண்டும்?

ரயில் யாருக்காக வந்தது?

ரயிலுக்கும் துணிக்கும் உள்ள உறவு பழையது. 1862 ஆம் ஆண்டில் மதராஸிலிருந்து போத்தனூர் வழியாக மேற்குக் கடற்கரையில் பேப்பூர் வரை இருப்புப் பாதை முடிந்தது. இந்தியாவுக்கு ரயில் வேண்டும் என்று அன்று இங்கிலாந்தில் உரக்கக் கத்தியவர்களில் லங்காஷயர் மில் முதலாளிகளும் உண்டு. நம் பருத்தியை ஏற்றிக்கொண்டு போக வேண்டும், அவர்கள் துணியைக் கொண்டுவந்து இறக்க வேண்டும் என்பதே அவர்கள் ஆசை. நம் கைத்தறி நெசவாளி அதில் நசுங்கினான். பிறகு 1888 ஆம் ஆண்டில் கோவையிலேயே ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்து மில்கள் பெருகின. நூலும் துணியும் நம் ஊரிலேயே குவிந்தன. ஏற்றுமதி இறக்குமதிக்கெல்லாம் ரயில் உதவியது. செய்தவள் கைக்கு அந்தத் துணி வரும் பாதைதான் இன்னும் போடப்படவில்லை.

இன்றைய மத்திய சர்க்கார் ஒரு திட்டம் போட்டிருக்கிறது. 'ஒரு நிலையம் ஒரு பொருள்' என்று பெயர். அந்தந்த வட்டாரத்தின் கைத்தறி, கைவினைப் பொருள்களை ஸ்டேஷனில் விற்கக் கடை தருவது திட்டம். 2022 மார்ச் 25 ஆம் தேதி சோதனையாகத் தொடங்கியபோது சென்னை சென்ட்ரலில் காஞ்சிபுரம் பட்டுச் சேலை வைத்தார்கள். 2023 மே மாதத்தில் 728 நிலையங்களில் 785 கடைகள் இருப்பதாகச் சர்க்கார் கணக்குச் சொன்னது.

நெசவாளியின் சேலை தரகன் கைபடாமல் பிரயாணியின் கைக்குப் போனால் அதை வரவேற்கிறோம். நல்லதை நல்லது என்று சொல்லத் தயங்க மாட்டோம். ஆனால் இரண்டு விஷயங்களைக் கேட்கிறோம். முதலாவது, அந்தக் கடை நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கும் பெண்களின் குழுக்களுக்கும் நிலையாகக் கிடைக்க வேண்டும். கைத்தறி என்று பெயர் சொல்லி விசைத்தறிச் சேலையை விற்கும் வியாபாரி அதற்குள் நுழையக் கூடாது. இரண்டாவது, அந்தச் சேலையை ஆசையாகப் பார்க்கும் மில் பெண்ணுக்கு அதை வாங்கக் காசு வேண்டும். ஸ்டேஷனில் அலமாரி வைத்துவிட்டு, மில்லில் கூலியை அமுக்கி வைத்தால் அந்த அலமாரி யாருக்கு? ஏ.ஸி. வண்டிப் பிரயாணிக்கு மட்டுமா? நெசவாளியின் சேலையை நெசவாளியும் மில் தொழிலாளியும் உழவுத் தொழிலாளியும் வாங்க முடிந்தால்தான் கைத்தறி பிழைக்கும்.

கடையில் நிற்கும் விற்பனைப் பெண்ணையும் மறக்க வேண்டாம். காலை முதல் ராத்திரி வரை நின்றபடியே துணி எடுத்துக் காட்டுகிறாள். கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் ஜவுளிக் கடைப் பெண்கள் "எங்களுக்கு உட்கார உரிமை வேண்டும்" என்று போராடினார்கள். அதன் விளைவாக 2018 ஆம் ஆண்டில் கேரளத்திலும், அதைத் தொடர்ந்து 2021 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டிலும் கடைச் சட்டம் திருத்தப்பட்டது. உட்கார ஒரு நாற்காலிக்கே போராட வேண்டியிருந்தது! அந்த நியாயம் ஸ்டேஷன் கடைப் பெண்ணுக்கும் வேண்டும்.

கம்பளி நெய்தவர்களின் குழந்தைகள்

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. 1912 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லாரன்ஸ் என்ற ஊரில் கம்பளி மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெண்களே அதில் முன்னணியில் நின்றார்கள். பட்டினி தாங்காமல் தங்கள் குழந்தைகளை நியூயார்க்கில் இருந்த தோழர்களின் வீடுகளுக்கு ரயிலில் அனுப்பினார்கள். கடுங்குளிர் காலம். அந்தக் குழந்தைகளோடு போன மார்கரெட் சாங்கர் என்ற நர்ஸ் பிறகு அமெரிக்கச் சட்டசபைக் கமிட்டியின் முன் சாட்சி சொன்னார். 119 குழந்தைகளில் 4 பேர் மட்டுமே உள்ளாடை அணிந்திருந்தார்கள் என்றார். உலகத்துக்குக் கம்பளி நெய்தவர்களின் குழந்தைகள் அவர்கள்!

அந்த வேலைநிறுத்தம் வென்றது. கூலி உயர்ந்தது. வயிற்றுக்குச் சோறு மட்டும் போதாது, வாழ்க்கையில் அழகும் வேண்டும் என்ற கோரிக்கையோடு அந்தப் போராட்டத்தின் நினைவு இன்றும் உலகமெங்கும் பேசப்படுகிறது. தொழிலாளிப் பெண்ணுக்கு நல்ல சேலை எதற்கு என்று கேட்பவனுக்கு லாரன்ஸ் பெண்கள் அன்றே பதில் சொல்லிவிட்டார்கள்.

நம் நாட்டிலும் உடை என்பது உரிமைப் போராட்டமாகவே இருந்து வந்திருக்கிறது. திருவிதாங்கூரில் சாணார்ப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக அடிபட்டு, உதைபட்டு, 1859 ஆம் ஆண்டில் மன்னரின் பிரகடனத்தைப் பெற்றார்கள். அன்று உடுத்தும் உரிமை. இன்று நம் பெண்கள் கேட்பது, தன் காசில் தானே பார்த்து எடுத்து உடுத்தும் உரிமை.

என்ன செய்வது?

போராடினால் கிடைக்குமா என்று சந்தேகப்பட வேண்டாம். 1984 ஆம் ஆண்டில் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படிக்காக 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டசபையில் பன்னிரண்டு மணி நேர வேலை மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் ஒன்றாக நின்று எதிர்த்தன. மே தினத்தன்று சர்க்கார் அதை வாபஸ் வாங்கியது. ஒற்றுமைக்கு முன்னால் சட்டசபைத் தீர்மானமே திரும்பிப் போயிற்று. மில் கேட் திறக்காதா?

ஆனால் காலம் நமக்காகக் காத்திருக்கவில்லை. 2025 நவம்பர் 21 முதல் மத்திய சர்க்கார் 29 தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளாகச் சுருக்கி அமலுக்குக் கொண்டுவந்துவிட்டது. அதே வருஷம் ஆகஸ்டில் அமெரிக்கா விதித்த 50 சதவீத வரி திருப்பூரை ஆட்டியது. முதலாளிக்கு நெருக்கடி வரும்போதெல்லாம் முதலில் வெட்டப்படுவது யாருடைய கூலி என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்கட்டும்:

வார விடுமுறை நாளில் ஹாஸ்டல் கேட் திறந்திருக்க வேண்டும். பெண்கள் வேனும் வார்டனும் இல்லாமல் போய்வரட்டும். 2014 ஆம் ஆண்டின் பெண்கள் விடுதிச் சட்டப்படி எல்லா மில் ஹாஸ்டல்களையும் பதிவு செய்து, அதிகாரிகள் நேரில் பார்க்க வேண்டும்.

அப்ரண்டிஸ் என்ற போர்வையை நீக்கிச் சட்டப்படியான கூலியும் போனஸும் பண்டிகைக்குப் பத்து நாட்களுக்கு முன்னால் தர வேண்டும். கூலியைப் பிடித்து வைத்து மொத்தமாகத் தருவது எந்தப் பெயரில் நடந்தாலும் ஒழிய வேண்டும்.

ஸ்டேஷன் கடைகளில் கைத்தறிக் கூட்டுறவுகளுக்கு நிலையான இடம் வேண்டும். வாங்கும் பெண்ணுக்கு ரசீது, விற்கும் பெண்ணுக்கு நாற்காலி!

இவை சர்க்காரிடமும் முதலாளியிடமும் கேட்பவை. நம்மிடம் நாமே கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. நம் மில் கமிட்டிக் கூட்டங்களில் ஹாஸ்டல் பெண்கள் எத்தனை பேர் உட்காருகிறார்கள்? ஒரிஸாப் பெண்ணிடம் அவள் பாஷையில் ஒரு நோட்டீஸ் கொடுத்திருக்கிறோமா? வடக்கத்தி ஆள் நம் வேலையைப் பறிக்கிறான் என்று டீக்கடையில் பேசுவதை நிறுத்திவிட்டு, அந்தப் பெண்ணின் கூலியும் நம் கூலியும் ஒரே கயிற்றில் கட்டியவை என்பதை எடுத்துச் சொல்கிறோமா? அவள் கூலியை அமுக்கி வைத்துக்கொண்டுதானே நம் கூலியையும் அமுக்குகிறான் முதலாளி?

மில்லுக்குள் நுழைய முடியாவிட்டால் ஸ்டேஷன் இருக்கிறது. பண்டிகைக்கு முதல் நாள் அந்தப் பெண்கள் எல்லோரும் ஒரே இடத்தில், கேட்டுக்கு வெளியே, வார்டன் இல்லாமல் நிற்கிறார்கள். துணிக் கடைக்கு அரைமணி நேரம் என்றால் சங்கத்துக்கு ஐந்து நிமிஷம் கேட்போம். வாசலில் நின்று நோட்டீஸ் கொடுப்போம். சங்கத்தின் போன் நம்பரைக் கொடுப்போம். சம்பளச் சீட்டைப் படித்துக் காட்டுவோம். பெண் தோழர்கள் இந்த வேலையில் முன்னே நிற்கட்டும்.

நூலை நூற்றவளுக்கு, துணியை நெய்தவளுக்கு, சட்டையைத் தைத்தவளுக்கு, பட்டப்பகலில் கடைவீதியில் நடந்து, பத்துச் சேலையை விரித்துப் பார்த்து, பேரம் பேசி, பிடித்ததை எடுத்துக்கொண்டு வீடு திரும்பும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும். அது யாரும் போடும் பிச்சையல்ல. அவள் உழைப்புக்கு வர வேண்டிய பாக்கி. அந்தப் பாக்கியை வசூல் செய்வது சங்கத்தின் வேலை.